பாஸ் இலவசம், பஸ்ஸுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?

சென்ற இதழில் நகரப் பேருந்துகளைப் பற்றி எழுதியபோது, பள்ளிப் பிள்ளைகளின் பயணச் செலவு பற்றித் தனியாகக் கேள்வி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பகுதி தாய்மார்கள் எழுதியவை. அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராகச் சேர்ந்து, டிக்கெட் பரிசோதகராகி, கடைசிச் சில ஆண்டுகள் கிளை அலுவலகத்தின் போக்குவரத்துப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பஸ்ஸுக்குள் நின்றும் பார்த்திருக்கிறேன், கணக்கு நோட்டின் பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன். அதை வைத்துப் பதில் சொல்கிறேன். எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். தினமும் டவுன் பஸ்ஸில்தான் போகிறாள். இடம் இருந்தாலும் "ஓசி பாஸ்தானே, எழுந்து நில்லு" என்று நடத்துநர் சொல்கிறாராம். வீட்டுக்கு வந்து அழுகிறாள். உண்மையிலேயே இது ஓசிதானா? யாருமே பணம் கட்டுவதில்லையா?
— ஒரு தாய், தருமபுரி மாவட்டம்

அம்மா, உங்கள் மகளிடம் தைரியமாகச் சொல்லுங்கள்: அவள் பயணத்துக்கு அரசு பணம் ஒதுக்கியிருக்கிறது. அதை அவள் கட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

போக்குவரத்துக் கழகம் என்பது அரசுக்குச் சொந்தமான ஒரு நிறுவனம். தமிழ்நாட்டில் சென்னை மாநகர், விழுப்புரம், சேலம், கோவை, கும்பகோணம், மதுரை, திருநெல்வேலி, பிறகு தொலைதூர வண்டிகள் ஓட்டும் விரைவுப் போக்குவரத்துக் கழகம் என்று எட்டு இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி வரவு செலவு, தனிக் கடன், தனி நஷ்டம். அரசு ஒரு பிரிவினருக்குக் கட்டணம் வேண்டாம் என்று சொன்னால், அந்தக் கட்டணத்தை அரசுதான் கழகத்துக்கு ஈடுசெய்ய வேண்டும். அந்தத் தொகை ஆண்டுதோறும் பட்ஜெட்டில் "மாணவர்களுக்கான பேருந்துக் கட்டணச் சலுகை" என்று தனியாகவே சொல்லப்படுகிறது. 2022-23 பட்ஜெட்டில் 928 கோடி ரூபாய். 2023-24இல் 1,500 கோடி. 2025-26இல் 1,782 கோடி. மகளிர் கட்டணமில்லாப் பயணத்துக்கும் டீசல் மானியத்துக்கும் ஒதுக்குவது இதில் சேராது, அவை வேறு.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? நீங்கள் வாங்கும் சோப்பிலும் பிஸ்கட்டிலும் கட்டும் ஜி.எஸ்.டி.யில் மாநிலத்தின் பங்கு, பெட்ரோல் மீதான வரி, நிலம் பதிவு செய்யும்போது கட்டும் முத்திரைத்தாள் கட்டணம், எல்லாம் சேர்ந்த பொதுப் பணத்திலிருந்து. ஆக, நீங்களும் கட்டித்தான் இருக்கிறீர்கள்.

ஒரு உத்தேசக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கு ஒரு நடைக்கு 8 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். போக வர 16 ரூபாய். பள்ளி நடக்கும் நாள் 200 என்றால் 3,200 ரூபாய். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் 6,400. நூறுநாள் வேலையும் களையெடுப்பும் நம்பியிருக்கும் வீட்டில் இந்தத் தொகை கையிலிருந்து போவதாக இருந்தால், எட்டாம் வகுப்போடு நின்றுவிடுவது பெரும்பாலும் பெண் பிள்ளையாகத்தான் இருக்கும். நான் பார்த்த கிராமங்களில் அப்படித்தான் நடந்தது.

நடத்துநர் சொன்ன வார்த்தை தவறு. பாஸ் வைத்திருப்பவரும் பயணிதான். நின்றுகொண்டு வா என்று சொல்ல விதி எதுவும் இல்லை. வண்டியின் பதிவு எண், தேதி, நேரம் மூன்றையும் குறித்துக் கிளை மேலாளருக்கு எழுதுங்கள். அந்த நேரத்தில் யார் பணியில் இருந்தார் என்பது டிரிப் ஷீட்டில், அதாவது நடைகளின் கணக்குத் தாளில் இருக்கும்.

எங்கள் ஊரிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு 11 கிலோமீட்டர். காலை எட்டேகால் வண்டிக்கு நாற்பது பிள்ளைகளுக்கு மேல் காத்திருக்கிறார்கள். வண்டி பல நாள் நிற்காமல் போகிறது, சில நாள் வருவதே இல்லை. கிளையில் கேட்டால் "கலெக்ஷன் இல்லாத ரூட்" என்கிறார்கள். பாஸுக்கு அரசு பணம் தருகிறது என்றால் கலெக்ஷன் எப்படி இல்லாமல் போகும்?
— பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்

வந்த கடிதங்களில் மிக முக்கியமான கேள்வி இதுதான். இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஒரு டவுன் பஸ்ஸின் காலை நடையை நடத்துநரின் இடத்திலிருந்து பாருங்கள். கையில் டிக்கெட் மெஷின். ஒவ்வொரு ஸ்டேஜ், அதாவது கட்டணம் மாறும் நிறுத்தம், வருவதற்குள்ளும் அந்த ஸ்டேஜில் ஏறியவர்களுக்கு டிக்கெட் போட்டு முடித்தாக வேண்டும். முடிக்காமல் இருக்கும்போது பரிசோதகர் ஏறிவிட்டால் நடத்துநர் மீது மெமோ. வண்டியில் அறுபது பிள்ளைகள். முன்படிக்கும் பின்படிக்கும் நடுவே புத்தகப் பை இடறாமல் கால் வைக்க இடமில்லை. உட்கார்ந்திருக்கும் பெண்கள் மடியில் ஆளுக்கு மூன்று பை. இவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் அவர் போடுகிற காசு டிக்கெட் பன்னிரண்டோ பதினைந்தோ. கடைசி நிறுத்தத்தில் இறங்கிக் கணக்கைப் பார்த்தால், வண்டி பிதுங்க வந்த நடையில் வசூல் நூறு ரூபாயைத் தாண்டியிருக்காது.

மாலையில் அந்த டிரிப் ஷீட் கிளைக்கு வருகிறது. நாங்கள் அங்கே பார்ப்பது, வண்டி ஓடிய கிலோமீட்டர் எவ்வளவு, வசூல் எவ்வளவு, ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு விழுந்தது என்பதைத்தான். இந்தக் கிலோமீட்டர் வசூலுக்கு டிப்போவில் எல்லோர் வாயிலும் இருக்கும் சொல் இ.பி.கே.எம். ஒரு கிளை நல்ல கிளையா மோசமான கிளையா என்று மேலிடம் அதை வைத்துத்தான் அளக்கும். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியபோது, அவர்களுக்கும் டிக்கெட் உண்டு என்று வைத்தார்கள். அதில் தொகை இருக்காது, ஆனால் எந்த வண்டியில், எந்த நடையில், எத்தனை பெண்கள் போனார்கள் என்ற எண்ணிக்கை பதிவாகிவிடும். பள்ளிப் பிள்ளைகள் பாஸைக் காட்டிவிட்டு, பல நேரம் காட்டக்கூட இடமில்லாமல், சீருடையை வைத்தே பயணம் செய்தார்கள். நான் பணியில் இருந்தவரை அவர்களுக்கு டிக்கெட் கிடையாது. அறுபது பேர் ஏறியது எந்தக் காகிதத்திலும் வராது.

அரசு தரும் ஈட்டுத்தொகை கழகத்தின் தலைமை அலுவலகக் கணக்குக்குப் போகிறது. டீசல், சம்பளம், உதிரி பாகம், பழைய கடன் என்று அது கரைகிறது. உங்கள் ஊர் எட்டேகால் நடையின் கணக்கில் அது ஒரு ரூபாயாகக்கூட வந்து சேருவதில்லை. அதனால் ஏட்டில் அந்த நடை நஷ்ட நடை. ஓட்டுநர் ஒருவர் விடுப்பு போட்டாலோ ஒரு வண்டி பட்டறையில் நின்றாலோ, எந்த நடையை நிறுத்தலாம் என்று டைம் கீப்பர் தேடும்போது முதலில் கண்ணில் படுவது இதுதான். மாவட்டத் தலைநகருக்குப் போகும் வண்டியை நிறுத்தினால் வசூல் குறையும், மேலே பதில் சொல்ல வேண்டும். கிராமத்து நடையை நிறுத்தினால் கேட்க ஆளில்லை. நாற்பது பிள்ளைகள் நடந்து போவார்கள்.

நிற்காமல் போகும் வண்டிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நிறுத்தினால் ஏறுவது எல்லாம் பாஸ், வசூலில் ஒரு ரூபாய் கூடாது, படியில் தொங்கினால் வழக்கு ஓட்டுநர் மேல். இதை நியாயம் என்று சொல்ல வரவில்லை. நிறுத்தத்தில் கை காட்டும் பிள்ளையை விட்டுவிட்டுப் போவது பாவம். ஆனால் ஓட்டுநரை மட்டும் திட்டித் தீர்த்தால் கோளாறு அப்படியே இருக்கும். பணம் பாஸுக்கு ஒதுக்கப்படுகிறது. நடைக்கு ஒதுக்கப்படுவதில்லை. என் வாதம் இவ்வளவுதான்: பள்ளி நேரத்து நடைகளைத் தனியாகப் பட்டியலிட்டு, அந்த நடை ஓடினால்தான் அதற்குரிய தொகை அந்தக் கிளைக்கு வரவு என்று வைக்க வேண்டும். அன்றைக்கே அந்த நடையைப் பாதுகாக்கக் கிளையில் ஆள் இருப்பார்கள்.

உங்கள் குழு செய்ய வேண்டியது: எந்த வகுப்பில், எந்த நிறுத்தத்திலிருந்து, எத்தனை பிள்ளைகள் என்று ஒரு பட்டியல் தயாரியுங்கள். தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் இருக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நகலை இணைத்துக் கிளை மேலாளருக்கும் மண்டலப் பொது மேலாளருக்கும் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அதே நகலைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். "வண்டி வருவதில்லை" என்று எழுதிய மனுவை நாங்கள் சுலபமாக மூடிவிடுவோம். "43 பிள்ளைகள், இந்த நிறுத்தம், இந்த நேரம், சென்ற மாதம் இந்தெந்தத் தேதிகளில் வரவில்லை" என்று எழுதிய மனுவை மூட முடியாது.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பழைய பாஸ் செல்லாது என்கிறார்கள். புதிது வரவில்லை. பிள்ளையைக் காசு கொடுத்தா அனுப்புவது?
— ஒரு தந்தை, கடலூர் மாவட்டம்

வேண்டாம். புதிய பாஸ் கைக்கு வரும்வரை சீருடையிலோ பழைய பாஸுடனோ வரும் மாணவர்களை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு ஆண்டும் பள்ளி திறக்கும் சமயத்தில் அறிவிப்பு வருகிறது. அந்தச் செய்தித்தாள் துண்டைப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்புங்கள். தாமதம் பெரும்பாலும் எங்கே நடக்கிறது தெரியுமா? ஒட்ட வேண்டிய படம் இல்லாத, ஏறும் இடம் எழுதாத விண்ணப்பங்களில். ஒரு பள்ளியின் கட்டு வந்தால் அதில் நாலைந்து அப்படி இருக்கும், மொத்தக் கட்டும் திரும்பிப் போகும். வகுப்பாசிரியரிடம் முதல் வாரத்திலேயே படத்தைக் கொடுத்துவிடுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு ஞாயிற்றுக்கிழமையும் சிறப்பு வகுப்பு வைக்கிறார்கள். பாஸ் செல்லுமா?
— ஒரு மாணவன்

தம்பி, பாஸ் பள்ளி வேலை நாளுக்கு, வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே மட்டும். விடுமுறை நாளில் நடத்துநர் டிக்கெட் கேட்டால் அவர் தவறு செய்யவில்லை. உங்கள் தலைமையாசிரியர் சிறப்பு வகுப்புத் தேதிகளைக் குறித்து முன்கூட்டியே கிளைக்கு ஒரு கடிதம் கொடுத்தால் வழி பிறக்கலாம். உங்கள் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கலே இல்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் எந்த நாளும் அவர்களுக்குக் கட்டணம் கிடையாது.

என் மகள் டெக்சஸ் மாநிலத்தில் டாலஸ் பக்கத்தில் இருக்கிறாள். பேரன் அரசுப் பள்ளியில் படிக்கிறான். வாசலுக்கே மஞ்சள் நிற பஸ் வருகிறது, காசு எதுவும் கட்டுவதில்லையாம். அங்கே மட்டும் எப்படி முடிகிறது? அமெரிக்க அரசு பணக்கார அரசு என்பதாலா?
— ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், திருச்சி

வாஷிங்டன் அரசு இதற்குப் பெரிதாக எதுவும் கொடுப்பதில்லை ஐயா. உங்கள் பேரனின் பஸ்ஸுக்குப் பணம் தருவதில் உங்கள் மகளுக்கும் மருமகனுக்கும் பெரிய பங்கு உண்டு. சொந்த வீடு என்றால் ஆண்டுதோறும் அவர்கள் கட்டும் வீட்டு வரியில் கணிசமான பகுதி அந்த வட்டாரத்தின் பள்ளி நிர்வாகத்துக்குப் போகிறது. வாடகை வீடு என்றால் அந்த வரி வாடகைக்குள் இருக்கும். பள்ளி நிர்வாகமே வரி போடும் அதிகாரம் உள்ள ஓர் உள்ளாட்சி அமைப்பு அங்கே. அது வண்டி வாங்கும், ஓட்டுநரை வேலைக்கு வைக்கும், அல்லது ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் விடும்.

அதோடு மாநில அரசு ஒரு பங்கு தருகிறது. என்னைக் கவர்ந்தது அதைத் தரும் விதம்தான். டெக்சஸில் 2019இல் பள்ளி நிதிச் சட்டத்தை மாற்றியபோது, பள்ளிப் பேருந்து ஓடிய மைல் கணக்குக்குப் பணம் என்று வைத்தார்கள். சாதாரண வழித்தடத்துக்கு ஒரு மைலுக்கு 1 டாலர். பள்ளியிலிருந்து 2 மைலுக்கு அப்பால், அதாவது சுமார் 3.2 கிலோமீட்டருக்கு அப்பால் வசிக்கும் பிள்ளைகளை ஏற்றினால்தான் கணக்கில் வரும். அதற்குள் இருக்கும் பிள்ளை நடந்து போக வேண்டிய பாதை ஆபத்தானது என்றால் அதற்குத் தனி ஏற்பாடு. ஒரு மைலுக்கு உண்மையில் ஆகும் செலவை 1 டாலர் ஈடுகட்டாது. மிச்சத்தை வட்டாரப் பள்ளி நிர்வாகம் போட்டுக்கொள்ள வேண்டும். இருந்தாலும் அடிப்படை ஒன்று கவனிக்கத்தக்கது: வண்டி ஓடினால் பணம், ஓடாவிட்டால் இல்லை. மேலே நான் சொன்ன வாதத்துக்கு நெருங்கிய உதாரணம் இது.

அங்கேயும் எல்லாம் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். மாற்றுத்திறனுள்ள பிள்ளைக்குத் தேவை என்றால் பஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்று மத்தியச் சட்டம் இருக்கிறது. வீடற்ற பிள்ளைகளுக்கும் அப்படியே. மற்றப் பிள்ளைகளுக்குப் பஸ் விட வேண்டும் என்று டெக்சஸ் சட்டம் பள்ளி நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்துவதில்லை. வடக்கு டகோட்டா மாநிலத்தில் டிக்கின்சன் என்ற ஊரின் பள்ளி நிர்வாகம் வீடு தேடி வரும் பஸ்ஸுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 97 டாலர் கேட்டது. வருமானம் குறைந்த ஒரு குடும்பம் கட்ட மாட்டேன் என்று உச்ச நீதிமன்றம்வரை போனது. பள்ளியிலிருந்து 16 மைல் தள்ளி இருந்த வீடு. 1988இல் தீர்ப்பு வந்தது: ஐந்து நீதிபதிகள் கட்டணம் செல்லும் என்றார்கள், நால்வர் மறுத்தார்கள். பஸ்ஸுக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளையின் கல்வி உரிமை என்ன ஆவது என்ற கேள்வி அங்கேயும் ஒரே ஒரு வாக்கில்தான் தோற்றது.

ஈரோடு மாவட்ட மலைக்கிராமம் ஒன்றில் வேலை செய்யும் ஆசிரியை நான். இங்கே டவுன் பஸ் ஏறவே ஏறாது. எட்டுக் குழந்தைகள் ஜீப்பில் வருகிறார்கள். "வழிக்காவலர் நிதி" என்று ஒன்று வருகிறது, ஆனால் சரியான நேரத்துக்கு வருவதில்லை. அது யார் பணம்? ஏன் தாமதம்?

டீச்சர், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பாஸ் பற்றிப் பேசும் யாரும் உங்கள் பிள்ளைகளைக் கணக்கில் எடுப்பதில்லை. பஸ்ஸே இல்லாத இடத்தில் பாஸுக்கு என்ன மதிப்பு?

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அதன்கீழ் வந்த விதி. சின்னக் குடியிருப்புகளில் அது முடியாவிட்டால் இலவசப் போக்குவரத்தோ உண்டு உறைவிடமோ அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். ஆக, உங்கள் ஜீப் சலுகை கிடையாது. அது அந்தக் குழந்தைகளின் சட்டப்படியான உரிமை.

இந்தப் பணம் போக்குவரத்துத் துறையிலிருந்து வருவதில்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், அதாவது சமக்ர சிக்ஷாவில், போக்குவரத்து மற்றும் வழிக்காவலர் (பிள்ளைகளுக்கு வழித்துணையாக வருபவர்) வசதி என்ற தலைப்பில் வருகிறது. ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு உச்சபட்சம் 6,000 ரூபாய். பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 600. உங்கள் எட்டுக் குழந்தைகளுக்கு மாதம் 4,800. மாதத்தில் 20 நாள் பள்ளி என்றால் நாளொன்றுக்கு 240 ரூபாய். அந்த 240இல் ஜீப்காரர் காலையும் மாலையும் மலைப்பாதையில் ஏறி இறங்க வேண்டும், டீசல் போட வேண்டும், டயர் தேய்மானம் பார்க்க வேண்டும். எட்டுப் பேர் இருந்தால்தான் இந்தக் கணக்கே. ஒரு குடியிருப்பில் மூன்று குழந்தைகள்தான் என்றால் நாளுக்கு 90 ரூபாய். அந்தக் காசுக்கு எந்த வண்டியும் வராது. குழந்தைக் கணக்கில் கொடுப்பது இங்கே பொருந்தாது. தூரமும் ஏற்றமும் பார்த்து வண்டிக்குக் கொடுக்க வேண்டும். இதைப் பல ஆண்டுகளாக மலையில் வேலை செய்பவர்கள் சொல்லி வருகிறார்கள்.

தாமதத்துக்கு ஒரு காரணம் ஊருக்கே தெரிந்தது. இந்தத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய மத்தியப் பங்கு 2,152 கோடி ரூபாய் விடுவிக்கப்படவில்லை. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்பதோடு பிணைந்த பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திட மறுத்ததை ஒட்டி எழுந்த தகராறு அது. 2025இல் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. தேசியக் கல்விக் கொள்கை பற்றி அவரவர் கருத்து அவரவருக்கு இருக்கட்டும். அதற்காக மலையில் ஆறு வயதுக் குழந்தை ஏறும் ஜீப்பின் டீசல் காசு நிற்கலாமா? இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

உடனடியாக ஒன்று செய்யலாம். ஜீப்காரருக்கு எத்தனை மாதம் பாக்கி என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டக் குறிப்பில் மாதந்தோறும் எழுதி வையுங்கள். வட்டார வள மையத்துக்கு அதன் நகலை அனுப்புங்கள். பணம் கேட்டு நிற்கும் சாமானியனுக்கு எழுத்தில் இருக்கும் பாக்கிதான் பிடிமானம்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் என் மகனுக்குத் தனியார் பள்ளியில் இடம் கிடைத்தது. வேன் கட்டணம் தனியாகக் கேட்கிறார்கள். அரசு அதையும் கட்டாதா?

கட்டாது அம்மா. அரசு ஈடுகட்டுவது படிப்புக்கான கட்டணத்தை. இந்த இடங்களே பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்குத்தான் என்பதால் வண்டிச் செலவு கணக்கில் இல்லை. வேனில் வந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். வேனில்தான் அனுப்புகிறீர்கள் என்றால் ஒன்றைப் பாருங்கள். பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டில் 2012இல் சிறப்பு விதிகள் வந்தன. ஓடும் பஸ்ஸின் ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் அவை வந்தன. ஆண்டுதோறும் மே மாதம் வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகள் ஆய்வு செய்வதும் அதன்படியே. தகுதிச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

என் தங்கை மகனுக்கு நடக்க முடியாது. பஸ்ஸில் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்குப் போகிறாள். ஏதாவது உதவி உண்டா?

உண்டு. மாற்றுத்திறனுள்ள குழந்தைகளுக்குப் போக்குவரத்துப் படியும், உடன் வருபவருக்குப் பாதுகாவலர் படியும் அதே ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இருக்கின்றன. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், அவரைப் பாருங்கள். அடையாள அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், தலைமையாசிரியர் சான்று மூன்றும் கையில் இருக்கட்டும். அரசுப் பேருந்தில் உடன் ஒருவரோடு செல்லத் தனிச் சலுகையும் உண்டு, அதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

பிள்ளைகளை இலவசமாக ஏற்றி ஏற்றித்தான் போக்குவரத்துக் கழகம் கடனில் மூழ்குகிறது. பதினொன்றாம் வகுப்பில் சைக்கிளும் கொடுக்கிறார்கள். பிறகு பஸ் எதற்கு? வரி கட்டுபவன் கேட்கிறேன்.
— வணிகர் ஒருவர், கோவை

உங்கள் கேள்வியில் மறைக்காமல் இருக்கும் நேர்மையை மதிக்கிறேன். பதிலையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நஷ்டத்துக்குக் காரணம் பிள்ளைகள் இல்லை. இப்போதைய கட்டணம் 2018 ஜனவரியில் உயர்த்தப்பட்டது. அதன் பிறகு டீசல் விலை ஏறியது உங்களுக்கே தெரியும், நீங்களும் லாரி வாடகை கொடுப்பவர்தான். வண்டிகள் பழசாகி, இப்போது ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடனில் புதிது வாங்குகிறார்கள். அந்தக் கடனையும் திருப்பிக் கட்ட வேண்டும். பிள்ளைகள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் எட்டேகால் வண்டி அதே டீசலைத்தான் குடிக்கும். அவர்களுக்கான கட்டணத்தை அரசு முழுமையாக, தாமதமின்றிக் கொடுத்தால் அந்த நடை நஷ்டமே இல்லை, நிச்சய வருமானம்.

சைக்கிள் நல்ல திட்டம். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கிப் பிறகு மற்றவர்களுக்கும் விரிந்தது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நாலைந்து கிலோமீட்டருக்கு அது போதும். ஆறாம் வகுப்புக் குழந்தையை லாரி ஓடும் நெடுஞ்சாலையில் பதினொரு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கச் சொல்ல உங்களுக்கு மனம் வராது. உங்கள் கடையில் கணக்கு எழுதும் பெண், தறிப்பட்டறையில் மேஸ்திரியாக இருப்பவர், நீங்கள் காட்டும் மருத்துவமனையின் செவிலியர், இவர்களில் எத்தனை பேர் டவுன் பஸ்ஸில் பாஸ் வைத்துப் படித்தவர்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

எங்கள் ரூட்டில் எத்தனை நடை ஓடுகிறது என்ற உண்மைக் கணக்கு வேண்டும். யாரிடம், எப்படிக் கேட்பது?
— இளைஞர் மன்றம் ஒன்று, திருவண்ணாமலை மாவட்டம்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் உங்கள் மண்டலப் போக்குவரத்துக் கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே கழகத்தில் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.

"ஏன் பஸ் வருவதில்லை" என்று கேட்காதீர்கள். அது கருத்துக் கேள்வி, பதில் வராது. ஏட்டில் இருப்பதைக் கேளுங்கள். வழித்தட எண்ணைக் குறிப்பிட்டு, கடந்த மூன்று மாதத்துக்கான டிரிப் ஷீட் நகல். அட்டவணைப்படி ஓட வேண்டிய நடை, ஓடிய நடை, ரத்தான நடை, ரத்துக்கான காரணம். உங்கள் பள்ளிக்கு அந்தக் கிளை இந்த ஆண்டு வழங்கிய பாஸ்களின் எண்ணிக்கை. இந்த மூன்றும் போதும். பாஸ் எண்ணிக்கையையும் ரத்தான நடைகளையும் ஒரே தாளில் அருகருகே எழுதி, கிராம சபைக் கூட்டத்தில் படியுங்கள். தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். பதில் வந்ததும் அதன் நகலை எனக்கும் இந்த இதழ் முகவரிக்கு அனுப்பி வையுங்கள். டிரிப் ஷீட்டில் உள்ள சுருக்கெழுத்துகள் புரியாவிட்டால் படித்துச் சொல்கிறேன்.